ஓட்டை வாளி

ஸ்விட்ச் அக்கா என்றால் அந்தக் கட்டடத்தில் வாசல் காவலாளி முதல் மூன்றாம் மாடி இயக்குநர் வரை எல்லாருக்கும் தெரியும். படித்துப் பட்டம் வாங்கிய பொறியாளர் அவள். கதவில் நீளமான பதவிப் பெயரோடு பலகைகூட மாட்டியிருக்கிறார்கள். அதை யார் நின்று படிக்கிறார்கள்? நாள் முழுக்க அவள் கட்டி மேய்ப்பது இணைய வயர்களைச் சேர்க்கும் ஸ்விட்ச் பெட்டிகளை, அதனால் ஸ்விட்ச் அக்கா. அந்தப் பெயரில் அவளுக்கு வருத்தமில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அவளுடைய ராஜ்ஜியம் இரண்டாம் மாடியில் ஜன்னலே இல்லாத ஒரு நீள அறை. வெளியில் வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும். ஆளுயர இரும்பு அலமாரிகள், விடாமல் கண்சிமிட்டும் பச்சை விளக்குகள், கொத்துக் கொத்தாக மஞ்சள் வயர்கள். நாட்டிலிருக்கும் அத்தனை இணைய நிறுவனங்களின் வயர்களும் வந்து ஒன்றோடொன்று கைகுலுக்கும் இடம் அது. விளம்பரத்தில் ஒன்றையொன்று கிழித்துத் தொங்கவிடும் கம்பெனிகள் இங்கே அடுத்தடுத்த துளையில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

அந்த மஞ்சள் கூட்டத்துக்கு நடுவே ஒரே ஒரு வயர் மட்டும் ஆரஞ்சு நிறம். அது சுவரைத் துளைத்து, தெருவுக்கடியில் ஓடி, கடலுக்குள் இறங்கி, எதிர்க்கரை நாட்டில் போய் ஏறுகிறது. நடுவில் கிடப்பது ஒடுக்கமான கடல்தான். வானம் தெளிவாக இருந்தால் அக்கரைக் கட்டடங்கள் தெரியும். பதினொரு வருடங்களுக்கு முன்னால் அந்த வயரை இணைத்தவர்கள் இரண்டு பேர். இந்த முனையில் அக்கா, அந்த முனையில் இதே மாதிரி ஓர் அறையை ஆளும் ஒரு பொறியாளர். அவளுக்கு அவர் அண்ணா, அவருக்கு அவள் தங்கச்சி, மற்றவர்களுக்கு அவர் அக்கரைக்காரர். அக்காவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம்தான் ஆகிறது. "அவளுக்கு மூத்த சம்பந்தம் அந்த ஆரஞ்சு வயரோட. நான் ரெண்டாவது மாப்பிள்ளைதான்" என்று பல் டாக்டரான அவள் கணவர் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும் நோயாளிகளிடமெல்லாம் சொல்வார். பாவம், அவர்களால் சிரிக்கக்கூட முடியாது.

இந்தத் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு. இணையத்தில் யாரோ பெரிய அதிகாரி உட்கார்ந்து வழிகாட்டிப் பலகை நடுகிறார் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி ஒரு ஆளும் கிடையாது. "இந்த விலாசத்துக்குப் போகணுமா, என் வழியா வாங்க" என்று ஒவ்வொரு நிறுவனமும் பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்ல, அவன் அதை நம்பி அடுத்தவனிடம் சொல்ல, அப்படியே உலகம் முழுக்கப் பரவிவிடும். பெரும்பாலும் யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. ஒருவர் கைதவறித் தப்பான பலகையை நட்டுவிட்டால் போகிற வருகிறவர்களெல்லாம் முட்டுச்சந்தில் போய் நிற்க வேண்டியதுதான்.

ஆகவே இந்தக் கூட்டத்தார் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பல நாட்டுப் பொறியாளர்களும் சேர்ந்த பொதுக் குழு ஒன்று இருந்தது. தவறு செய்தவர் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், கையோடு குழுவில் "நான்தான்" என்று ஒரு செய்தி போட வேண்டும். போட்டுவிட்டால் ஒருவரும் திட்டக் கூடாது. மறைத்தால் அதற்கப்புறம் அவர் நடும் பலகையை ஒரு பயலும் நம்ப மாட்டான். வருடம் ஒருமுறை கூடும்போது, அந்த வருடத்தின் ஆகப் பெரிய சொதப்பலுக்குப் பரிசும் உண்டு. அடியில் ஓட்டை போட்ட ஒரு தகர வாளி. வாங்கியவர் தன் பெயரை அதில் பெயின்ட்டால் எழுதி, அடுத்த கூட்டம் வரை மேசைமேல் எல்லாரும் பார்க்க வைத்திருக்க வேண்டும்.

போன வருடம் அது அக்கரைக்காரருக்குப் போனது. அறையைச் சுத்தம் செய்ய வந்தவருக்கு ஒத்தாசை செய்கிறேன் பேர்வழி என்று, தூசு உறிஞ்சும் மெஷினைச் செருக அவரே ஒரு பிளக்கைப் பிடுங்கினார். மூன்று தீவுகளில் இணையம் படுத்துவிட்டது. "நான்தான். ஆனா தரை பளபளன்னு இருக்கு" என்று குழுவில் எழுதினார் மனிதர்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த இரண்டு கரைக்கும் நடுவில்தான் சண்டை வந்து உட்கார்ந்தது. கடலில் எல்லைக்கோடு எந்தப் பாறைக்கு இந்தப் பக்கம், எந்தப் பாறைக்கு அந்தப் பக்கம் என்று தகராறு. மீன்கூட ஒதுங்காத பாறை அது. போர்க்கப்பல்கள் வந்து நின்றன. இரண்டு நாட்டுத் தொலைக்காட்சியிலும் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினார்கள். அக்காவின் மேசையிலிருந்து அக்கரைக்கு நேராகப் பேசும் போனை இயக்குநரே வந்து கழற்றிக்கொண்டு போனார். பொதுக் குழுவில்கூடத் தன்னைக் கேட்காமல் எதுவும் எழுதக் கூடாது என்றார். இயக்குநர் கெட்டவர் அல்ல. மேலிடத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று பேசுகிற ரகம், அவ்வளவுதான்.

ஒரு காலையில் கையில் ஒரு தாளோடு அவர் இறங்கி வந்தார். அக்கரையிலிருந்து வரும் ஒரு செய்தித் தளம் நம்மைப் பற்றித் தாறுமாறாக எழுதுகிறதாம். அது இந்த நாட்டில் யார் கண்ணிலும் படக் கூடாதாம்.

"சார், இன்னைக்கு ஒரு செய்தித் தளம்பாங்க. நாளைக்கு இன்னொண்ணு. அப்புறம் ஜன்னலே இல்லாத என் ரூம் மாதிரி ஆயிடும் நாடே" என்றாள் அக்கா.

"எனக்கு மட்டும் ஆசையாம்மா? உத்தரவு. விலாசமெல்லாம் இதுல இருக்கு. சீக்கிரம் முடிச்சிருங்க."

அக்கா எரிச்சலோடு உட்கார்ந்தாள். வேலை ஒன்றும் கஷ்டமில்லை. "அந்த விலாசத்துக்குப் போகிறவர்கள் இங்கே வாருங்கள்" என்று நாட்டுக்குள் ஒரு பொய்ப் பலகை நட வேண்டும், வருகிறவர்களை ஒரு குழியில் தள்ளிவிட வேண்டும். கடைசியாக, "இந்தப் பலகையை வெளிநாட்டுக்குக் காட்டாதே" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். பிடிக்காத வேலையைத் தலையெழுத்தே என்று செய்யும்போது மனசு எங்கே நிற்கிறது? தாளிலிருந்ததை அப்படியே அடித்துத் தள்ளினாள், சரிபார்க்கக்கூட இல்லை. அந்தக் கடைசி வரியையும் விட்டுவிட்டாள்.

முதலில் கண்டுபிடித்தது யார் என்கிறீர்கள்? அவள் மாமனார்.

மாமனார் முப்பத்தைந்து வருடம் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் அக்கரையில் இருக்கும் யாரோ ஒருவரோடு இணையத்தில் சதுரங்கம் ஆடுவார். ஆள் யாரென்று தெரியாது, முகம் பார்த்ததில்லை. எப்போதும் குதிரையை வைத்தே வெட்டுவதால் இவர் வைத்த பெயர் குதிரைக்காரன்.

"மருமகளே, உங்க ஆபீஸ்ல என்ன பண்ணித் தொலைச்சீங்க?" போனில் குதி குதி என்று குதித்தார்.

"ஏன் மாமா?"

"ஆட்டம் பாதியில நின்னுபோச்சு. அவன் குதிரை என் ராணியை வெட்டப் போற நேரம் பாத்து! இப்ப நான் பயந்து ஓடிட்டேன்னுதானே அவன் நினைப்பான்? தோத்தா பரவாயில்லம்மா. ஓடினான்னு பேர் வந்தா அப்புறம் எவன் என்கூட ஆடுவான்?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. அவள் அடைத்தது ஒரு செய்தித் தளத்தை, சதுரங்கம் எதற்கு நிற்க வேண்டும்? திரையைப் பார்த்தாள். சாதாரண நாளில் மேடும் பள்ளமுமாக ஓடும் போக்குவரத்துக் கோடு சுவர் மாதிரி செங்குத்தாக நின்றது. அவள் நட்ட பொய்ப் பலகையை உலகமே நம்பிவிட்டது. அக்கரையின் வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் போக வேண்டியவர்கள், எந்தெந்த நாட்டிலிருந்தோ கிளம்பி, இந்த இரண்டாம் மாடிக் குழியில் வந்து விழுந்துகொண்டிருந்தார்கள்.

நாக்கைக் கடித்துக்கொண்டு பலகையைப் பிடுங்கினாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கோடு இறங்கியது. வழிகள் பழையபடி திரும்பின. ஆனால் அதற்குள் விஷயம் கைமீறிப் போயிருந்தது. கீழே வரவேற்பறைத் தொலைக்காட்சியில் சிவப்பு எழுத்து ஓடியது. அக்கரை மீது இணையத் தாக்குதலாம். தக்க விளக்கம் வராவிட்டால் நண்பகலோடு கடலடி வயரை வெட்டிவிடப் போகிறார்களாம். அவர்கள் வெட்டினால் நாமும் சும்மா இருக்க மாட்டோம் என்று இந்தப் பக்கத்து அமைச்சர் ஒருவர் மீசையைத் தடவினார்.

இயக்குநர் லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியில் ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

"என்னம்மா ஆச்சு?"

"ஒரு வரி விட்டுப்போச்சு சார். பலகையை எடுத்துட்டேன். இப்ப எல்லாம் சரியா ஓடுது. குழுவுல 'நான்தான்'னு போட்டுடறேன். போட்டா அக்கரைல புரிஞ்சுக்குவாங்க."

"ஐயையோ, வாயைத் திறந்துடாதீங்க! மேலிடத்துல ஒருத்தர் 'நாம செய்யவே இல்ல'ன்னு சொல்லணுங்கிறார். இன்னொருத்தர் 'நாமதான் செஞ்சோம், இனிமே ஜாக்கிரதையா இருங்க'ன்னு சொல்லணுங்கிறார். அவங்க ஒரு முடிவுக்கு வர்ற வரைக்கும் நமக்கு ஒண்ணும் தெரியாது."

"அவங்க முடிவு பண்றதுக்குள்ள வயரை வெட்டிருவாங்க சார்."

"எழுதினா உங்க வேலை போயிடும்மா. என்னால காப்பாத்த முடியாது." மிரட்டலாகச் சொல்லவில்லை, நிஜமான கவலையோடுதான் சொன்னார். சொல்லிவிட்டு, அடித்துக்கொண்டிருந்த போனை எடுக்க வெளியே ஓடினார்.

அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள். திரையில் "நான்தான்" என்று அடித்து வைத்திருந்தாள், அனுப்பவில்லை. வீராங்கனை என்றெல்லாம் சொல்லி அவளை மேலே தூக்கிவைக்க மாட்டேன். பயந்துபோய்த்தான் உட்கார்ந்திருந்தாள். கை இரண்டும் மடியில் கிடந்தன. இந்த வேலை போனால் வேறு வேலை கிடைக்கும், ஆனால் நாட்டைக் காட்டிக் கொடுத்தவள் என்று ஒரு முத்திரை விழுந்தால்? கணவரின் நோயாளிகள் என்ன பேசுவார்கள்? கடிகாரம் அதுபாட்டுக்கு ஓடியது. எதிரே ஆரஞ்சு வயரின் விளக்கு, நடந்தது ஒன்றும் தெரியாத மாதிரி சிமிட்டிக்கொண்டிருந்தது. அதன் வழியாக இந்த நிமிஷமும் யாரோ ஒருத்தி அக்கரையில் இருக்கும் தன் அக்காவோடு பேசிக்கொண்டிருப்பாள். யாரோ ஒரு டாக்டர் அக்கரை டாக்டருக்கு எக்ஸ்ரே அனுப்பிக் கருத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். அவர்களுக்கும் அந்தப் பாறைக்கும் என்ன சம்பந்தம்?

தோற்றால் பரவாயில்லை, ஓடினான் என்று பேர் வரக் கூடாது. மாமனாரின் குரல் காதிலேயே நின்றது.

அடித்து வைத்ததோடு மூன்று வரி சேர்த்தாள். "நான்தான். தாக்குதலும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு வரி விட்டுப்போச்சு, தப்பான பலகையை எடுத்துட்டேன். அக்கரையில் கஷ்டப்பட்ட எல்லாரும் மன்னிச்சுக்குங்க." கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள். மனசு லேசாகிவிட்டது.

திரும்பி வந்த இயக்குநர் திரையைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். "வீட்டுக்குப் போங்கம்மா" என்றார் கடைசியில்.

ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினாள். வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டாள். ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தபோது பைக்குள் போன் அதிர்ந்தது. மறுபடி அதிர்ந்தது. அப்புறம் நிற்கவே இல்லை.

"நானும்தான். நாலு வருஷம் முன்னாடி ஒரு புள்ளியைத் தப்பா வச்சு, ஒரு நாட்டோட மொத்த ஈமெயிலையும் என் வீட்டுக்கு வரவழைச்சேன்" என்று பனி பெய்யும் ஊரிலிருந்து ஒருவர். "நானும்தான். என் பூனை கீபோர்டுல படுத்துச்சு. பழியை நான் ஏத்துக்கிட்டேன்" என்று இன்னொருத்தி. "நானும்தான், முதல் நாள் வேலையிலேயே." "நானும்தான், ரிடையர் ஆகிற நாள்ல." பூமியின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஒவ்வொருவராகத் தங்கள் குட்டைத் தாங்களே போட்டு உடைத்துக்கொண்டிருந்தார்கள். பூனைக்காரியின் செய்தியைப் படித்து அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து இருக்கைப் பெண் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

அப்புறம் அந்தச் செய்தி வந்தது. அக்கரையிலிருந்து, ஒரே வரி.

"வாளியைத் துடைச்சு வச்சிருக்கேன் தங்கச்சி."

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டைவிட்டு, இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தாள். அந்த நடை அவளுக்குப் பாரமாகவே இல்லை. வீட்டுக் கதவைத் திறக்கும்போதே மாமனார் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினார். நடந்தது தொழில்நுட்பத் தவறுதான், விளக்கம் திருப்தியாக இருக்கிறது, வயர் வெட்டப்படாது என்று அக்கரைத் தளபதி ஒருவர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு படித்தார்.

"குதிரைக்காரன் செய்தி அனுப்பிட்டான்மா!" மாமனார் கையைத் தட்டினார். "விஷயம் புரிஞ்சுபோச்சு, ஆட்டத்தை விட்ட இடத்துலேர்ந்தே ஆடலாங்கிறான். எவ்வளவு பெரிய மனசு பாரு."

ஆடினார்கள். பெரிய மனசுக்காரன் முதல் வேலையாக ராணியை வெட்டினான். மாமனார் அன்று முழுக்க அவனைத் திட்டிக்கொண்டே சந்தோஷமாக இருந்தார்.

மறுநாள் காலையில் இயக்குநரே போன் செய்து, ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார். மேலிடத்தில் மறுக்க நினைத்தவருக்கும் பெருமையடிக்க நினைத்தவருக்கும் "கைதவறல்" என்பது நல்ல வழியாகப் போய்விட்டதாம், இரண்டு பேரும் பிழைத்தோம் என்று பெருமூச்சு விட்டார்களாம். ஒரு கடையை மூடப் போய்த் தெருவையே மூடிவிட்டோம், இந்த விளையாட்டு இனி வேண்டாம் என்று இயக்குநர் எழுதியனுப்பியதும், தடை உத்தரவையும் சத்தமில்லாமல் சுருட்டி வைத்துவிட்டார்கள். பாறைச் சண்டை மட்டும் இன்னும் முடியவில்லை. கத்துகிறவர்கள் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் கப்பல்கள் கொஞ்சம் பின்வாங்கின, பயணப் படகு மறுபடி ஓட ஆரம்பித்தது.

அந்த வருடக் கூட்டம் அக்காவின் கட்டடத்திலேயே நடந்தது. அக்கரைக்காரர் வாளியைத் தலையில் தொப்பி மாதிரி கவிழ்த்துக்கொண்டு படகிலிருந்து இறங்கினார். துறைமுகத்தில் ஒரு காவலர் அதை மடக்கி, ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டாராம். "பரிசு சார்" என்றாராம் இவர். காவலர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அனுதாபத்தோடு அனுப்பிவைத்தாராம்.

கைதட்டல் காதைப் பிளக்க, அக்கா வாளியை வாங்கிக்கொண்டாள். பெயின்ட்டைத் தொட்டுத் தன் பெயரை எழுதப் போனபோது, பின்வரிசையிலிருந்து இயக்குநர் எழுந்து வந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.

"கொஞ்சம் இடம் விட்டு எழுதுங்கம்மா."

"எதுக்கு சார்?"

"மேலேர்ந்து வந்தது ஒரே ஒரு விலாசம்தான். எதுக்கும் இருக்கட்டும்னு சுத்தியிருந்த விலாசம் எல்லாத்தையும் நான்தான் சேர்த்தேன். வங்கி, ஆஸ்பத்திரி எல்லாம் அதுலதான் போச்சு." பிரஷ்ஷுக்குக் கையை நீட்டினார். "அதனால... நானும்தான்."

அப்புறம் எழுந்த ஆரவாரத்தில் மாடியிலிருந்தவர்களெல்லாம் என்னவோ ஏதோ என்று இறங்கி வந்துவிட்டார்கள். வாளியின் சரித்திரத்திலேயே இரண்டு பேர் பங்குபோட்டுக்கொண்டது அதுதான் முதல் தடவை. இயக்குநர் தன் பெயரை மூன்று தடவை திருத்தித் திருத்தி எழுதினார்.

டீ இடைவேளையில் அக்காவும் அக்கரைக்காரரும் ஆரஞ்சு வயருக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். அறைக் குளிரில் டம்ளரிலிருந்து ஆவி எழுந்தது.

"அண்ணா, அன்னைக்கு உங்க பக்கம் என்னதான் நடந்துச்சு?"

"தளபதி என் தோளை ஒட்டியே நின்னுட்டிருந்தார். வயர்ல என் கை. பன்னண்டு மணி நெருங்கவும் 'பிடுங்குங்க'ன்னார். 'இது தாக்குதல் இல்ல சார், கைதவறல். அந்த முனையில இருக்கிறவளை எனக்குத் தெரியும். நான்தான்னு சொல்லுவா, பாருங்க'ன்னேன். 'எவ்வளவு நேரத்துல?'ன்னார். அப்பதான் எனக்கு டீ கொண்டாந்து வச்சாங்க. 'இது ஆறுறதுக்குள்ள'ன்னுட்டேன்."

கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நேரம் முழுக்க அக்காவுக்கு நினைவு வந்தது.

"நான் உடனே அனுப்பலையே அண்ணா. பயந்துபோய் உக்காந்திருந்தேன். டீ ஆறியிருக்குமே."

"ஆறித்தான் போச்சு."

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"ஆறின டீயை யாராவது குடிப்பாங்களா? இன்னொண்ணு கொண்டாரச் சொன்னேன். தளபதிக்கும் சேர்த்து."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது, சிரிப்பும் கூடவே வந்தது. இரண்டில் எதை முதலில் துடைப்பது என்று தெரியாமல் ஸ்வெட்டர் கையால் முகத்தை அழுந்தத் தேய்த்துக்கொண்டாள். பிறகு தன் டீயை, நாக்கு பொத்துப்போகிற சூட்டிலேயே, ஆறுவதற்குள் குடித்து முடித்தாள்.